ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பரவிய சர்கோமாவுக்கு இலக்குக் கதிர்வீச்சு: ஒரு முழுமையான வழிகாட்டி

“கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க.” எங்கள் துறைக்குள் முதல் தடவை நுழையும் குடும்பங்களில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்வார்கள். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை, வருவது எக்ஸ் கதிர். ஆனாலும் ஊரில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. நானும் திருத்துவதை நிறுத்திவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு போக வேண்டும் என்று கணினி முன்னால் உட்கார்ந்து திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளர். டாக்டர் அறையில் கேட்க மறந்த கேள்விகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். அவற்றை வரிசைப்படுத்தியதுதான் இது.

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களிலோ எலும்பிலோ தோன்றும் புற்றுநோய்க்கு சர்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் இது இருக்கும். தொடையில் கட்டியை எடுத்து, அந்த இடத்துக்குக் கதிர்வீச்சும் கொடுத்து முடித்திருப்பார்கள். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு புள்ளி தெரியும். நான் அதிகம் பார்க்கிற கதை இதுதான், இந்த வழிகாட்டியும் அவர்களுக்காகத்தான். அந்தப் புள்ளிகளை மட்டும் குறிவைத்து, சில தடவைகளிலேயே பெரிய அளவில் கதிர் கொடுப்பதற்குத்தான் இலக்குக் கதிர்வீச்சு என்று பெயர். உடம்பெங்கும் பரவிவிட்டவர்களுக்கு வேறு பாதை உண்டு.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஷின் அடியில் படுப்பது இதில் மிகச் சுலபமான பகுதி. அந்த இரண்டு புள்ளி உண்மையிலேயே இரண்டுதானா என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். அதில் தவறினால், எத்தனை துல்லியமாகத் திட்டம் போட்டாலும் பயன் குறைவு.

படி 1: நோயின் முழுப் பெயர்

சர்கோமா என்பது குடும்பப் பெயர் மட்டும். உள்ளே ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு, ஒவ்வொன்றும் தன் போக்கில் நடக்கும். கை கால்களில் தொடங்கும் பெரும்பாலான வகைகள் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். மிக்ஸாய்டு லைப்போசர்கோமா அந்த வழக்கத்துக்கு அடங்காதது. முதுகெலும்புக்கும் வயிற்றின் பின்புறத்துக்கும் உடம்பின் மற்றக் கொழுப்புப் பகுதிகளுக்கும் தாவும். வயிற்றில் தொடங்கும் லெயோமயோசர்கோமா கல்லீரலைத் தேடிப் போகும். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது சர்கோமாவில் அபூர்வம், ஆனால் எபித்தீலியாய்டு, கிளியர் செல் போன்ற சில வகைகளில் அதையும் பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

அதனால் பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது. திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் முதல் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்குங்கள். சர்கோமா அதிகம் பார்க்கிற ஒரு நோய்க்குறியியலாளர் அவற்றை மறுபடி பார்க்கட்டும். இங்கே பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடும். இரைப்பையிலும் குடலிலும் வரும் ஜிஸ்ட் என்ற வகைக்கு இமாட்டினிப் மாத்திரைதான் முதன்மை மருந்து. குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வரும் ஈவிங், ராப்டோமயோசர்கோமா வகைகளுக்கு கீமோவே அடித்தளம். கீழே சொல்லப்போவது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

முதல் கட்டி இருந்த இடத்தையும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது. சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று நினைத்துச் சின்ன கிளினிக்கில் அவசரமாக எடுத்த கதைகள் நிறைய. வேர் அங்கேயே மிச்சமிருந்தால், நுரையீரல் புள்ளியைச் சுட்டு என்ன லாபம்?

படி 2: எண்ணுங்கள், பிறகு காத்திருங்கள்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஹெல்மனும் ரால்ஃப் வைக்செல்பாமும் 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். புற்றுநோய் ஒரே இடத்தில் இருப்பதற்கும் எங்கும் பரவுவதற்கும் நடுவே ஒரு நிலை உண்டு. சில இடங்களில் மட்டும் பரவி நிற்கும் அந்த நிலையில், அந்த இடங்களை ஒவ்வொன்றாக அழித்தால் சிலருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கலாம் என்பது அது. இன்று ஐந்து வரையிலான புள்ளிகளை ‘சில’ என்று கணக்கில் கொள்வது வழக்கம். அந்த ஐந்து வசதிக்கு வைத்துக்கொண்ட எல்லை. இயற்கை அப்படிக் கோடு போட்டு வைக்கவில்லை.

நெஞ்சுக்கு மெல்லிய துண்டுகளாக எடுத்த சிடி வேண்டும், ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. பெட் ஸ்கேன் (சுறுசுறுப்பான செல்களை ஒளிரவைத்துக் காட்டும் படம்) எடுத்தாகிவிட்டதே என்று பலர் கேட்பார்கள். அரை சென்டிமீட்டர் நுரையீரல் புள்ளி பெட்டில் ஒளிராமலே போகலாம், மூச்சு விடும்போது அசைந்து மங்கியும் போகலாம். மிக்ஸாய்டு லைப்போசர்கோமாவும் பெட்டில் பல நேரம் ஏமாற்றும். அதற்கு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. தனியாக வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நுரையீரலில் தெரியும் புள்ளி எல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. பழைய காசநோய்த் தழும்பும் அப்படித்தான் தெரியும். புதிய காசநோய் பெட்டில் பளிச்சென்றுகூட ஒளிரும். அதனால் பழைய ஸ்கேன் வட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சந்தேகம் நீடித்தால் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் அதை மறுப்பவர்கள் உண்டு. திட்டமிட்டு எடுக்கும் ஊசிப் பரிசோதனையில் அந்த ஆபத்து மிகக் குறைவு. காசநோய்த் தழும்புக்குக் கதிர் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய அபத்தமாகத் தோன்றுகிறது.

அடுத்தது காலம். முதல் சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த புள்ளி, மூன்றாவது மாதமே வந்த புள்ளியைவிட நல்ல குணமுள்ளது. நிலைமை தெளிவில்லாதபோது சில மருத்துவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இன்னொரு சிடி எடுக்கச் சொல்வார்கள். ‘கேன்சர்னு தெரிஞ்சும் சும்மா உட்காரச் சொல்றாங்களே’ என்று வீட்டில் கொந்தளிப்பார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த எட்டு வாரத்தில் இரண்டு புள்ளி ஒன்பதானால், புதிதாகத் தெரியும் ஏழும் ஏற்கெனவே உள்ளே இருந்தவை, கண்ணுக்குத் தெரியாத அளவில். இரண்டை மட்டும் அழித்திருந்தாலும் மீதி ஏழு வந்திருக்கும். இரண்டு இரண்டாகவே நின்றால், இலக்குக் கதிர்வீச்சுக்கு அதைவிட நல்ல சகுனம் இல்லை. நல்ல குழு இதை ஒரு சோதனையாகவே பயன்படுத்தும்.

படி 3: கத்தியா, கதிரா, மருந்தா

நுரையீரலுக்குப் பரவிய சர்கோமாவில் பல பத்தாண்டுகளாக முதலிடம் அறுவைக்குத்தான். உடல் தாங்குமானால், புள்ளிகள் எட்டும் இடத்தில் இருந்தால், அதை முதலில் பேசுவது நியாயம். எடுத்த திசுவைச் சோதித்து உறுதிசெய்யலாம் என்ற கூடுதல் வசதியும் அதில் உண்டு. ஏற்கெனவே ஒரு பக்க நுரையீரலில் அறுவை ஆனவர்கள், மூச்சுத் திறன் குறைந்தவர்கள், மயக்க மருந்து தாங்காதவர்கள், முதுகெலும்பு போன்ற இடங்களில் புள்ளி உள்ளவர்கள், இனி கத்தி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் ஆகியோருக்குக் கதிர் நல்ல மாற்று. சர்கோமாவில் அறுவையையும் இலக்குக் கதிர்வீச்சையும் நேருக்கு நேர் நிறுத்தி விடை சொன்ன பெரிய ஆய்வு எதுவும் இல்லை. ‘இதுதான் சிறந்தது’ என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பலன் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் சேபர்-காமெட் ஆய்வைத்தான் காட்டுவார்கள். கனடாவின் டேவிட் பால்மா தலைமையில் நடந்தது. ஒன்று முதல் ஐந்து புள்ளிகள் உள்ள 99 பேர் கலந்துகொண்டார்கள். 33 பேருக்கு வழக்கமான சிகிச்சை, 66 பேருக்கு அதோடு எல்லாப் புள்ளிகளுக்கும் இலக்குக் கதிர். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 17.7 விழுக்காடு, இரண்டாவதில் 42.3 விழுக்காடு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த 66 பேரில் மூவரின் மரணத்துக்குச் சிகிச்சையின் பக்கவிளைவு காரணமாக இருக்கலாம் என்று அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் நோயாளிகள்தான் அதிகம். சர்கோமா தனிப் பிரிவாக இல்லை. மார்பகப் புற்றுநோயில் மட்டும் இதே கேள்வியைக் கேட்ட அமெரிக்க ஆய்வில் பலன் தென்படவில்லை. எனவே சர்கோமாவுக்கு இதை நம்பிக்கையோடு முயலலாம், உத்தரவாதம் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் உடம்பு முழுக்கப் போகும். புள்ளிகள் வேகமாக வளர்ந்தாலோ எண்ணிக்கை கூடினாலோ அதற்கே முதலிடம். நிதானமாக வளரும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குக் கதிர் கொடுத்துவிட்டு, மருந்தைப் பின்னால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சில குழுக்கள் முடிவெடுக்கும். இந்த முடிவை ஒரே டாக்டர் எடுக்கக் கூடாது. அறுவை, கதிர், மருந்து மூன்று துறையும் ஒரே மேசையில் உட்காரும் மருத்துவமனையில் ஒரு தடவையாவது கருத்துக் கேளுங்கள். சிகிச்சையை ஊருக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: சிமுலேஷன்

முடிவானதும் சிமுலேஷனுக்குக் கூப்பிடுவார்கள். இது சிகிச்சை இல்லை, அளவெடுக்கும் நாள். சின்னச் சின்ன நுரை மணிகள் நிரம்பிய ஒரு பையின் மேல் படுக்க வைத்து, காற்றை உறிஞ்சினால் பை உங்கள் முதுகின் வடிவத்தில் கெட்டியாகிவிடும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். தோள்வலி உள்ளவர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டில் அப்படிப் படுத்துப் பழகுங்கள், வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லி மாத்திரை கேளுங்கள்.

நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள புள்ளி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். மேல்பகுதியில் சில மில்லிமீட்டர்தான். அந்த அசைவையும் சேர்த்துப் படம் பிடிக்கும் சிடிக்கு ஃபோர்-டி சிடி என்று பெயர். சில இடங்களில் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் கதிர் கொடுப்பார்கள், சில இடங்களில் வயிற்றில் ஒரு பட்டையை வைத்து அழுத்துவார்கள். எது செய்தாலும் ஆழமாக மூச்சு விட்டுக் காட்டி எங்களை அசத்த வேண்டாம். தினமும் விடுகிற சாதாரண மூச்சே வேண்டும்.

அன்று மறக்காமல் சொல்ல வேண்டியவை: பேஸ்மேக்கர் இருக்கிறதா, முன்பு எங்காவது கதிர் வாங்கியிருக்கிறீர்களா, அந்தத் திட்டத்தின் நகல் இருக்கிறதா, நுரையீரல் நார்த்தன்மை நோய் உண்டா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அந்த நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சில் இலக்குக் கதிர் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 5: திட்டம் போடுவது

இது என் மேசை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலைக்குள் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் முறையை ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்தார். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் இங்மார் லாக்ஸும் ஹென்ரிக் ப்ளோம்கிரெனும் 1990களின் தொடக்கத்தில் அதை உடம்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக வலுக் குறைந்தது. சந்திக்கும் இடத்தில் மட்டும் வலு கூடும்.

சர்கோமா கதிருக்கு மசியாது என்று முன்பு சொல்வார்கள். அதில் பாதி உண்மை. தினம் 2 கிரே (கதிர் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 25 நாள் கொடுப்பதும், 10 கிரே வீதம் 5 தடவை கொடுப்பதும் கூட்டினால் 50 கிரேதான். செல்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒரு தடவைக்கான அளவு கூடும்போது சேதம் அதைவிட வேகமாகக் கூடும். இந்தச் சேதத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. ஒரு தடவைக்கான அளவு கூடுவதைத் திசு எவ்வளவு உணரும் என்று காட்டும் மதிப்பாக, சர்கோமாவுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 4 என்பதை அதில் போட்டால், முதலாவதன் வலு 75 என்று வரும், இரண்டாவதன் வலு 175. ஆனால் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவுக்கும் அதே கணக்குதான். அதனால்தான் இத்தனை மில்லிமீட்டர் சண்டை. மிக்ஸாய்டு லைப்போசர்கோமா இங்கேயும் விதிவிலக்கு. அது இயல்பாகவே கதிருக்கு எளிதில் அடங்கும்.

டாக்டர் ஒவ்வொரு சிடி துண்டிலும் கட்டியின் ஓரத்தைக் கையால் வரைவார். மூச்சில் அது போய்வரும் பாதையைச் சேர்ப்போம். பிறகு சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஓரம் விடுவோம். நுரையீரலின் வெளி ஓரத்தில் தனியாக இருக்கும் புள்ளிக்கு 18 கிரே வீதம் மூன்று தடவை, மொத்தம் 54 கொடுக்கலாம். விலா எலும்பை ஒட்டியிருந்தால் 12 வீதம் நான்கு அல்லது 10 வீதம் ஐந்து என்று இறங்குவோம். பெரிய மூச்சுக்குழாய்களிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் இன்னும் நிதானம், 7.5 வீதம் எட்டுத் தடவை ஒரு வழி. அந்த எல்லைக்குள் பெரிய அளவில் மூன்றே தடவை கொடுத்தபோது கடுமையான விளைவுகள் வந்ததை நுரையீரல் புற்றுநோயில் 2006லேயே பார்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்றே நாளில் முடிந்ததாமே, எங்களுக்கு ஏன் எட்டு என்று கேட்காதீர்கள். அவருடைய புள்ளி இருந்த இடம் வேறு.

முதுகெலும்பில் இருந்தால் என் தூக்கம் குறையும். தண்டுவடம் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், அதன் வரம்பைத் தாண்டவே கூடாது. எம்.ஆர்.ஐ.யைச் சிடியோடு பொருத்திப் பார்க்காமல் இந்தத் திட்டத்தைப் போட முடியாது. 12 கிரே வீதம் இரண்டு தடவை என்பது சோதித்துப் பார்த்த ஒரு அளவு. பல வகைப் புற்றுநோயாளிகள் 229 பேரில் நடந்த ஆய்வில், மூன்றாவது மாதம் வலி முழுதாகப் போனவர்கள் 35 விழுக்காடு. வழக்கமான முறையில் 20 கிரே பெற்றவர்களில் 14 விழுக்காடுதான். ஆனால் பலவீனமான முள்ளெலும்பு பிறகு நொறுங்கக்கூடும். அந்த வாய்ப்பு அதிகமானால் முன்கூட்டியே எலும்பு அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள்.

கல்லீரல் புள்ளிகளில் இரைப்பையும் குடலும் பக்கத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சேபர்-காமெட் மரணங்களில் ஒன்று இரைப்பைப் புண்ணிலிருந்துதான் தொடங்கியது.

திட்டம் முடிந்ததும் ஆளில்லாத மெஷினில் அதை ஒரு தடவை ஓட்டி அளந்து பார்ப்போம். சிமுலேஷனுக்கும் முதல் நாளுக்கும் இடையே ஒரு வாரம், பத்து நாள் ஆவது இதனால்தான்.

மெஷினின் பெயர் பற்றியும் கேட்பார்கள். சைபர்நைஃப் என்பது ரோபோ கையில் பொருத்திய கதிர்க் கருவி. மற்றவை உங்களைச் சுற்றி வட்டமிடும் லீனியர் ஆக்சிலரேட்டர்கள். நன்றாகத் திட்டமிட்டால் இரண்டிலும் வேலை நடக்கும். பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த வகைக் கதிர்வீச்சு எவ்வளவு தொகைக்கு அடங்கும் என்று சிமுலேஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 6: சிகிச்சை நாட்கள்

பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். படுக்க வைத்ததும் மெஷினிலேயே ஒரு சிடி எடுத்து, திட்டத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவோம். நேரம் அதற்குத்தான் ஆகும். கதிர் வருவது சில நிமிடம்; மொத்தம் அரை மணி நேரம். வயிற்றுப் பகுதி என்றால் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள்.

சுடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 54 கிரே முழுவதையும் வெப்பமாகக் கணக்கிட்டால் அந்தத் திசு 0.013 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஒரு மடக்குக் காபி அதைவிடச் சூடேற்றும். சேதம் வெப்பத்தால் வருவதில்லை, செல்லின் டி.என்.ஏ. உடைவதால் வருகிறது. மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும். வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கீமோ அல்லது பஸோப்பனிப் மாத்திரை போய்க்கொண்டிருந்தால் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று இரு டாக்டரிடமும் கேட்டுத் தேதியாக எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பக்கவிளைவு கூடலாம். இரு துறையும் தனித்தனிக் கட்டடத்தில் இருப்பதால் அடிக்கடி நழுவும் விஷயம் இது.

படி 7: அதன் பிறகு

முதல் இரண்டு வாரம் அசதி இருக்கும். முதுகெலும்புக்கு வாங்கியவர்களுக்குச் சில நாள் வலி கூடிவிட்டுக் குறையலாம். நுரையீரலில் கவனிக்க வேண்டிய காலம் ஆறாவது வாரம் முதல் ஆறாவது மாதம் வரை. வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு வந்தால் அது கதிரால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். பக்கத்து கிளினிக்கில் சளி என்று ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கதிர் வாங்கியதை அங்கே சொல்லுங்கள், எங்கள் துறைக்கும் போன் செய்யுங்கள். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சர்க்கரை இருப்பவர்கள் அளவைக் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். விலா ஓரத்தில் கொடுத்திருந்தால் பல மாதம் கழித்துக்கூட அங்கே வலியோ சின்ன முறிவோ வரலாம். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு சிடி எடுப்பார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும்போது கதிர் போன இடத்தில் வெள்ளையாகத் தழும்பு படரும், முந்தைய கட்டியைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும். திட்டத்தைப் பார்க்காத ரேடியாலஜிஸ்ட் ‘கட்டி வளர்ந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டால் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியாது. ஒரு வருடத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போவது, ஓரம் புடைப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால்தான் கவலை.

சுட்ட புள்ளி அடங்கிவிடும், வேறு இடத்தில் புதிது முளைக்கும். இதுவே அடிக்கடி நடப்பது. அது தனியாக, மெதுவாக வந்தால் இரண்டாவது படியிலிருந்து மறுபடி தொடங்கலாம், இன்னொரு சுற்று இலக்குக் கதிரும் கொடுக்கலாம். கும்பலாக வந்தால் பேச்சு மருந்துப் பக்கம் திரும்பும்.

அதற்காகவாவது, கடைசி நாள் கிளம்பும் முன் எங்கள் அறைக் கதவைத் தட்டி, திட்டத்தின் சுருக்கத்தைக் காகிதத்திலும், சிடி படத்தோடு கதிர் அளவும் அடங்கிய டைகாம் கோப்பைத் தனி வட்டிலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த சுருக்கக் கடிதம் ஒன்றையே கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது போதாது. எந்த மில்லிமீட்டரில் எவ்வளவு விழுந்தது என்பது அந்த வட்டில்தான் இருக்கிறது. அடுத்த தடவை திட்டம் போடப்போகிறவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.